ஸ்விங்ஆர்முக்கு எந்த பேரிங்? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய 6004 பால் பேரிங்கின் வெளிவளையம் கிடக்கிறது. உள்ளே நகத்தை வைத்து ஓட்டினால், பால்ஸ் ஓடும் பாதையில் ஒரே சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். பள்ளங்களைச் சுற்றிலும் செங்கல் பொடி நிறத்தில் துரு. நான் முதன்முதலில் செய்த ஸ்விங்ஆர்மிலிருந்து, அதாவது பைக்கின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கையிலிருந்து, எட்டாவது மாதம் கழற்றியது அது. பேரிங் நல்ல தரம்தான், கிரீஸும் காயவில்லை. ஆனாலும் வளைவில் வண்டியைச் சாய்த்தால் பின்சக்கரம் கொஞ்சம் தாமதித்து வருகிற மாதிரி இருந்தது. கழற்றிப் பார்த்ததும் புரிந்தது, நான் தேர்ந்தெடுத்த வகையே தப்பு.

சக்கரத்தில் இருக்கும் பேரிங் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றுகிறது. ஸ்விங்ஆர்ம் பேரிங் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. மேலே சில டிகிரி, கீழே சில டிகிரி, அவ்வளவுதான். சுற்றும் பேரிங்கில் பால்ஸ் நகர்ந்துகொண்டே இருப்பதால் கிரீஸ் திரும்பத் திரும்ப அடியில் வந்து சேரும். ஆடும் பேரிங்கில் ஒவ்வொரு பாலும் தன் இடத்திலேயே உட்கார்ந்து, அடியில் இருக்கும் கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிட்டு, இரும்போடு இரும்பாக அழுத்துகிறது. ஒரு பெரிய குழியில் இறங்கினால் அந்த ஒரே புள்ளியில் அடி விழுகிறது. அதனால் வேகம், ஆயுள் மணிநேரம் என்று கேட்லாக்கில் இருப்பதையெல்லாம் ஓரமாக வையுங்கள். நமக்கு வேண்டியது நிலைச்சுமைத் திறன், அதாவது சுற்றாமல் நிற்கும்போது பள்ளம் விழாமல் தாங்கும் சுமை. கேட்லாக்கில் சி ஜீரோ என்று போட்டிருப்பார்களே, அந்த எண்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம். பதிவு செய்த வண்டியின் ஃபிரேம் அமைப்பை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ரோட்டில் ஓட்டப் போகிற வண்டி என்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ட்ராக் வண்டி, கண்காட்சி வண்டி என்றாலும் கீழே சொல்லும் எதையும் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஆர்மை ஃபிரேமோடு பிணைத்து, பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது பிவட் போல்ட் ஒன்றுதான்.

முதல் படி: ஐந்து அளவுகள்

ஒரு தாளில் மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் வரைந்து இந்த அளவுகளைக் குறியுங்கள். ஃபிரேமில் ஆர்ம் உட்காரும் இரண்டு தகடுகளுக்கு இடையிலான உள்அகலம். பிவட் போல்ட்டின் விட்டம். பிவட்டிலிருந்து பின் ஆக்ஸில் வரை நீளம். இடது பேரிங்கின் நடுவிலிருந்து வலது பேரிங்கின் நடுவரை தூரம். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து செயின் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பது. உள்அகலத்தை மட்டும் டேப்பில் அளக்காதீர்கள். வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். பழைய ஃபிரேமில் இரண்டு தகடும் இணையாக இல்லாமல் இருப்பது சகஜம்.

நான்காவது அளவு, அதாவது பேரிங் இடைவெளி, பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது. பின்டயரில் பக்கவாட்டில் 1 கிலோநியூட்டன் விசை, அதாவது சுமார் 100 கிலோ தள்ளுகிறது என்று வையுங்கள். ஆர்ம் நீளம் 550 மில்லி, பேரிங் இடைவெளி 200 மில்லி என்றால், அந்தத் தள்ளலைச் சமாளிக்க ஒவ்வொரு பேரிங்கும் எதிரெதிர்த் திசையில் 2.75 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். இடைவெளியை 150 ஆகக் குறைத்தால் அது 3.7-க்கு அருகில் போய்விடும். ஆட்டமும் இதே கணக்கில்தான் பெருகும். 200 மில்லி இடைவெளியில் இரண்டு பக்கமும் வெறும் 0.1 மில்லி ஆட்டம் இருந்தால், ஆக்ஸிலில் அது அரை மில்லிக்கு மேல் தெரியும். ஆகவே பேரிங்குகளை ஃபிரேம் இடம்கொடுக்கும் அளவுக்கு வெளியே தள்ளி வையுங்கள். விலையுயர்ந்த பேரிங் வாங்குவதைவிட இது அதிகப் பலன் தரும், செலவும் கிடையாது.

இரண்டாம் படி: சுமையைக் கணக்குப் போடுவது

27 நியூட்டன்-மீட்டர் டார்க் தரும் ஒரு 350 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் பிரைமரியும் கியர்பாக்ஸும் சேர்ந்து டார்க்கை 6 மடங்காக்குகின்றன என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் 162 நியூட்டன்-மீட்டர். செயின் பிட்ச் 15.875 மில்லி, ஸ்ப்ராக்கெட்டுக்கு 16 பல். அதன் ஆரம் 40.7 மில்லி வரும். 162-ஐ 0.0407-ஆல் வகுத்தால் செயினில் இழுவிசை சுமார் 4 கிலோநியூட்டன். நானூறு கிலோ எடையைச் செயினில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

இந்த இழுவிசை முழுக்க ஆர்மை முன்னோக்கி, பிவட் மீது இழுக்கிறது. டயர் தரையைப் பின்னுக்குத் தள்ளுவதால் வரும் விசையும் கூடவே சேர்ந்துகொள்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் 38 பல், சக்கர ஆரம் 310 மில்லி என்றால் அது இன்னொரு 1.2 கிலோநியூட்டன். செயின் நடுவில் ஓடுவதில்லை. நடுக்கோட்டிலிருந்து 90 மில்லி இடதுபக்கம் தள்ளி ஓடினால், 200 மில்லி இடைவெளியில் இழுவிசையின் 95 சதவீதம் இடது பேரிங்கின் தலையில்தான் விழும். எல்லாம் சேர்த்து இடதுபக்கம் சுமார் 4.4 கிலோநியூட்டன்.

குழி, வேகத்தடை, கிளட்ச்சைத் திடீரென்று விடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மடங்கு வையுங்கள். 13.2 கிலோநியூட்டன். 6004 பால் பேரிங்கின் நிலைச்சுமைத் திறன் சுமார் 5 கிலோநியூட்டன்தான். பக்கத்துக்கு இரண்டு போட்டாலும் 10-க்கு மேல் போகாது. என் இழுப்பறையில் கிடக்கும் வளையத்தின் கதை இதுதான். இந்தக் கணக்கை நான் முன்னாலேயே போட்டிருந்தால் அந்த எட்டு மாதமும், அந்த ஆர்மும் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு பக்கமும் ஷாக் (ட்வின் ஷாக்) வைக்காமல் நடுவில் ஒரே ஷாக் (மோனோஷாக்) வைப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ட்வின் ஷாக் வண்டியில் ஷாக் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் குழியின் அடி பெரும்பாலும் ஷாக் வழியாகவே ஃபிரேமுக்குப் போய்விடும். ஷாக்கை ஆர்மின் பாதி நீளத்தில் வைத்தால், சக்கரத்தில் விழும் அடிக்குச் சமமான விசை பிவட்டிலும் விழும். ட்வின் ஷாக் ஃபிரேமை மோனோஷாக்காக மாற்றுகிறவர்களில் பலர் பிவட்டைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து.

மூன்றாம் படி: வகையை முடிவு செய்வது

ரப்பர் புஷ்: இரும்பு உறைகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டியது. சாதாரண கம்யூட்டர் வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். கிரீஸ் வேண்டாம், மழைக்கும் பயமில்லை. ஆனால் பக்கவாட்டில் நெகிழும். நீளமான ஆர்ம், அகலமான டயர் போடும் கஸ்டம் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். போட்டே ஆக வேண்டும் என்றால், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

வெண்கல புஷ்: இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்துவிடலாம். சுமை ஒரு புள்ளியிலோ கோட்டிலோ விழாமல் பரப்பில் விழுவதால் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். 20 மில்லி விட்டம், 20 மில்லி நீளம் என்றால் 400 சதுர மில்லி. 13.2 கிலோநியூட்டனை இதன்மேல் பரப்பினால் சதுர மில்லிக்கு 33 நியூட்டன், பாஸ்பர் பிரான்ஸ் தாங்கக்கூடியதுதான். நிபந்தனை ஒன்றுதான்: கிரீஸ் போய்ச்சேர வழி வேண்டும். கிரீஸ் நிப்பிள், புஷ்ஷுக்குள் ஒரு காடி, மாதம் ஒருமுறை கிரீஸ் கன். அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு என்றால், முதல் ஆர்முக்கு இதுவே போதும். புஷ்ஷை அடித்து ஏற்றினால் உள்விட்டம் சுருங்கும். ஆகவே ஏற்றிய பிறகுதான் கடைசி ரீமிங், அதாவது துளையைச் சரியான அளவுக்குச் சீவுவது. ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.03 முதல் 0.06 மில்லி இடைவெளி விடுங்கள்.

நீடில் பேரிங்: என் முதல் தேர்வு இதுதான். பால்ஸுக்குப் பதில் மெல்லிய, நீளமான உருளைகள். ஒவ்வொன்றும் முழுநீளத்துக்கும் தொட்டுக்கொண்டிருப்பதால் சின்ன இடத்தில் பெரிய சுமையைத் தாங்கும். கடையில் எச்கே 2020 என்று கேட்டால் 20 மில்லி ஷாஃப்ட், 26 மில்லி வெளிவிட்டம், 20 மில்லி அகலத்தில் ஒன்றைத் தருவார்கள். 42 மில்லி வெளிவிட்டமுள்ள 6004-ஐவிட எவ்வளவு சின்னது பாருங்கள். ஆனால் இதன் நிலைச்சுமைத் திறன் 20 கிலோநியூட்டனுக்கு மேல். நம் 13.2 தாராளமாக அடங்கிவிடும். இன்னும் கனமான வண்டிக்கு எச்கே 2520 எடுக்கலாம்: 25 மில்லி ஷாஃப்ட், 32 வெளிவிட்டம். உருளைகளைப் பிரித்துப் பிடிக்கும் கூண்டே இல்லாமல் அவற்றை நெருக்கி அடுக்கிய வகை இன்னும் அதிகம் தாங்கும். அதைப் போடும்போது உருளைகள் கொட்டிவிடாமல் கெட்டியான கிரீஸில் பதித்து வைத்து ஏற்ற வேண்டும்.

நீடில் பேரிங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கவாட்டுத் தள்ளலை அது கொஞ்சமும் தாங்காது. அதற்குத் தனியே, பக்கவாட்டுத் தள்ளலை வாங்கிக்கொள்ளும் த்ரஸ்ட் வாஷர் வேண்டும். அதைப் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன்.

பால் பேரிங்: தனியாகப் போடாதீர்கள். ஆனால் துணைக்கு நல்லது. பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் செயின் பக்கம் நீடில் பேரிங்கும், எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி பால் பேரிங்கும் இருக்கும். நீடில் செயின் இழுவையைத் தாங்குகிறது, பால்ஸ் ஆர்ம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. அருமையான அமைப்பு, ஆனால் வலதுபக்கக் கூட்டுக்கு, அதாவது ஆர்மில் பேரிங் உட்காரும் குழாய்க்கு, அதிக இடம் வேண்டும்.

டேப்பர் பேரிங்: உருளைகள் கூம்பு மாதிரி சரிந்திருக்கும். பிஎம்டபிள்யூவின் பழைய காற்றுக் குளிர்விப்பு ட்வின்களில் இதுதான். இரண்டு பக்கமும் எதிரெதிராக வைத்து இறுக்கினால் மேல்கீழ், பக்கவாட்டு இரண்டு ஆட்டமும் ஒரே சரிசெய்தலில் போய்விடும். ஆனால் ஃபிரேமில் திருகி இறுக்கும் ஏற்பாடு வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கம். இரண்டாவது, மூன்றாவது ஆர்ம் செய்யும்போது முயலுங்கள்.

நான்காம் படி: உள் ஸ்லீவ்

நீடில் உருளைகள் நேரடியாக ஷாஃப்டின் மேல் உருளுகின்றன. ஷாஃப்ட் சாதாரண இரும்பாக இருந்தால், உருளைகள் சில வாரத்தில் அதில் கோடு கோடாகப் பதிந்துவிடும். உருளை ஓடும் பரப்புக்கு ராக்வெல் சி அளவில் குறைந்தது 58 கடினம் வேண்டும், கண்ணாடி மாதிரி கிரைண்டிங்கும் வேண்டும். போல்ட்டை அப்படியே ஷாஃப்டாக்க நினைக்காதீர்கள். போல்ட்டின் மேல் ஒரு கடினமான ஸ்லீவ் போட்டு, அதன் மேல் நீடில் ஓட வேண்டும்.

போல்ட் 17 மில்லி என்றால் வேலை சுலபம். ஐஆர் 17×20×20 என்று ரெடிமேட் உள்வளையம் கிடைக்கும். வெளியே 20 மில்லி, எச்கே 2020-க்குச் சரியாகப் பொருந்தும். போல்ட் 14, 16 என்று இருந்தால் இ.என். 31 என்ற பேரிங் ஸ்டீலில் ஸ்லீவ் கடைந்து, ஹார்டனிங்குக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் வெளிவிட்டத்தை 20 மில்லிக்கு கிரைண்டிங் செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. சூடேற்றி குளிர்விக்கும்போது எந்த ஸ்லீவும் கொஞ்சமாவது கோணும். கிரைண்டிங்குக்கென்று 0.3 மில்லி அதிகம் விட்டுக் கடையச் சொல்லுங்கள். முழு அகலத்துக்கும் ஒரே நீள ஸ்லீவ் போடுவதைவிட, இரண்டு பக்கமும் குட்டையான கடின ஸ்லீவ், நடுவில் சாதாரணக் குழாயில் ஒரு ஸ்பேசர் என்பது செய்ய எளிது, கோணலும் குறைவு.

சென்னையில் இருப்பவர்கள் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். நீடில் பேரிங் போட்ட பழைய ஆர்ம் கிடைத்தால், அதன் ஸ்லீவையும் போல்ட்டையும் எடுத்து அந்த அளவுக்கு உங்கள் கூட்டைக் கடைவது புத்திசாலித்தனம். ஸ்லீவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு கோடு தட்டினாலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: முதலில் வெல்டிங், அப்புறம்தான் போரிங் (துளையைக் கடைவது)

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். கூட்டை லேத்தில் 26 மில்லிக்கு அழகாகக் கடைந்து, அதன் பிறகு ஆர்மோடு வெல்டிங் வைத்தால், வெல்டிங் சூட்டில் துளை முட்டை வடிவமாகிவிடும். எச்கே வகையின் வெளி உறை மெல்லிய தகடு. கூடு எந்த வடிவமோ அந்த வடிவத்தையே அது எடுத்துக்கொள்ளும். முட்டை வடிவக் கூட்டில் ஏற்றினால் பேரிங்கும் முட்டை வடிவம்தான்.

ஆகவே துளையை 1 மில்லி குறைவாக விட்டுக் கடையுங்கள். வெல்டிங்கின்போது உள்ளே இரும்புக் கட்டை ஒன்றை இறுக்கமாகச் செருகி வையுங்கள். எல்லா வெல்டிங்கும் முடிந்து ஆறிய பிறகு, இரண்டு பக்கத் துளைகளையும் ஆர்மைத் திருப்பாமல் ஒரே பிடிப்பில் போரிங் செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத் திருப்பிப் பிடித்தால் இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் வராது. "ஒரே செட்டிங்ல ரெண்டு பக்கமும்" என்று லேத்துக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் கொஞ்சம் அதிகம் கேட்பார், கொடுங்கள்.

துளையின் அளவு: இரும்புக் கூட்டுக்கு என்7 என்ற அளவு வரம்பு, அதாவது 25.972 முதல் 25.993 மில்லிக்குள். அலுமினியம் என்றால் ஆர்7, 25.959 முதல் 25.980-க்குள். இதை வெர்னியரில் பார்க்க முடியாது, துளையை அளக்கும் போர் கேஜ் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். பேரிங்கைச் சுற்றிலும் கூட்டுச் சுவர் குறைந்தது 4 மில்லியாவது இருக்கட்டும் என்பது என் கணக்கு.

ஆறாம் படி: பக்கவாட்டு இடைவெளி

போல்ட்டை இறுக்கும்போது ஃபிரேம் தகடு, ஸ்லீவ், ஸ்பேசர், மறுபக்க ஸ்லீவ், தகடு எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி ஒரே கட்டையாக வேண்டும். அந்தக் கட்டையைச் சுற்றித்தான் ஆர்ம் ஆட வேண்டும். ஸ்லீவும் ஸ்பேசரும் சேர்ந்த நீளம், த்ரஸ்ட் வாஷர்களோடு சேர்ந்த ஆர்ம் கூட்டின் மொத்த அகலத்தைவிடக் கொஞ்சம் குறைந்தால்கூட, போல்ட் இறுகும்போது ஆர்மும் சேர்ந்து இறுகிவிடும். அதிகமானால் ஆர்ம் பக்கவாட்டில் கடகடக்கும்.

ஆர்முக்கும் ஃபிரேம் தகட்டுக்கும் நடுவே, ஸ்லீவின் மேல், பக்கத்துக்கு ஒரு ஏஎக்ஸ்கே 2035 த்ரஸ்ட் நீடில், அதன் இருபுறமும் 1 மில்லி வாஷர். த்ரஸ்ட் நீடில் 2 மில்லி, ஆக ஒரு பக்கத்துக்கு 4 மில்லி. கடினமான பித்தளை வாஷரும் நன்றாகவே உழைக்கும். வாஷர்களோடு சேர்த்து ஆர்மின் அகலத்தை அளந்து, ஸ்லீவ்களையும் ஸ்பேசரையும் சேர்த்த நீளம் அதைவிட 0.1 முதல் 0.2 மில்லி கூடுதலாக வரும்படி ஸ்பேசரைத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். நான் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, ஸ்பேசரை எட்டு வடிவில் தேய்ப்பேன். நாலு தேய்ப்பு, ஒரு அளவு. பொறுமையாகச் செய்தால் அரைமணி நேரம்.

ஏழாம் படி: சீல், கிரீஸ், ஏற்றுவது

ஐப்பசி மழையைவிட ஸ்விங்ஆர்முக்குப் பெரிய எதிரி வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன். நேராகப் பிவட்டில் அடித்தால் கிரீஸ் வெளியேறி தண்ணீர் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். எச்கே 2020-க்கு அதே 26 மில்லி வெளிவிட்டத்தில் ஜி 20×26×4 என்ற 4 மில்லி சீல் கிடைக்கிறது. துளையை ஒரே அளவில் நேராகக் கடைந்து, பேரிங்கை முகப்பிலிருந்து 4 மில்லிக்குச் சற்று அதிகமாக உள்ளே இறக்கி, மேலே சீலை வைத்தால் வேலை முடிந்தது.

ஏற்றும்போது சுத்தியலை எடுக்காதீர்கள். பேரிங்கின் எண் பொறித்த முகம்தான் கெட்டியானது. அந்தப் பக்கத்தில் தோள் வைத்துக் கடைந்த ஒரு மேண்ட்ரலை (தள்ளுகட்டையை) வைத்து பிரஸ்ஸில் தள்ளுங்கள். பிரஸ் இல்லையென்றால் நீளமான போல்ட்டும் நட்டும் தடித்த வாஷர்களும் போதும். அலுமினிய ஆர்மைச் சற்றுச் சூடாக்கி, பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் சுலபமாக இறங்கும். பேரிங் ஏறிய பிறகு ஆர்மில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். மின்சாரம் உருளைகள் வழியாகப் பாய்ந்தால் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி எரிந்துவிடும்.

தண்ணீரில் கரையாத, அதிக அழுத்தம் தாங்கும் ஈபி கிரீஸ், இரண்டாம் எண் கெட்டித்தன்மை. மாலிப்டினம் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. உருளைகளுக்கு இடையில் விரலால் அழுத்தி நிரப்புங்கள். மேலே பூசினால் போதாது.

பேரிங்கை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும், பில்லோடு வாங்குங்கள். போலிகள் நிறைய. ஆர்முக்கு ஆகும் மொத்தச் செலவில் பேரிங் விலை மிகச் சிறிய பங்கு. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடைசிச் சோதனை

ஷாக்கையும் செயினையும் மாட்டாமல், சக்கரமில்லாமல், ஆர்மை மட்டும் ஃபிரேமில் மாட்டி போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆர்மைக் கிடைமட்டத்துக்குத் தூக்கிக் கையை விடுங்கள். சீல் உரசும் சிறு தயக்கத்தோடு, எங்கேயும் நிற்காமல் தன் எடையிலேயே இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பேசர் குட்டை, அல்லது துளைகள் நேர்கோட்டில் இல்லை. போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினதும் இறங்கினால் ஸ்பேசர்தான் காரணம். தளர்த்தியும் இறங்கவில்லை என்றால் துளைகளைப் பாருங்கள். பிறகு ஆக்ஸில் முனையைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். கையில் 'டக்' என்று எதுவும் உணரக் கூடாது.

வண்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட் இறுக்கத்தையும் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தையும் மறுபடி பாருங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில், கழற்றித் துடைத்துப் புது கிரீஸ். கழற்றும்போது பழைய கிரீஸ் செங்கல் நிறத்தில் வந்தால் சீலை மாற்றி, ஸ்லீவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் ஸ்லீவையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேரிங் எண், சீல் எண், ஸ்பேசர் நீளம் மூன்றையும் பெயிண்ட் பேனாவால் பேட்டரி பெட்டியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள்.